நியூயார்க்கில் 7 இரவு ஜாஸ்: திங்கள் முதல் ஞாயிறு வரை

நாள் 1, திங்கள்

சென்னையிலிருந்து வந்து இறங்கிய உடம்புக்கு ஜாஸ் கிளப்பின் நேரம் விசித்திரமாகப் பொருந்தும். கோடை நேரக் கணக்கில் நியூயார்க் நம்மைவிட 9.30 மணி நேரம் பின்தங்கியது. இரவு 8 மணி செட் (குழு ஒரே மூச்சில் வாசிக்கும் ஒரு அமர்வு) என்றால் உடம்புக்கு விடிகாலை 5.30. கண் சொருகுவது மதியம் 3 மணிக்கு. அதோடு மல்லுக்கட்டாமல் 2.30 முதல் 6 வரை தூங்கிவிடுவது நல்லது. முதல் நாளே பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ராத்திரி 40 டாலர் கொடுத்து நாற்காலியில் குறட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

திங்கட்கிழமைக்கு யோசிக்க வேண்டியதில்லை, வில்லேஜ் வான்கார்ட் கிளப்தான். செவன்த் அவென்யூ சவுத், 178-ஆம் எண். 1, 2, 3 ரயில்களின் 14-ஆம் தெரு நிலையத்தில் தென்கோடி வாசலில் ஏறினால் ஐந்து நிமிட நடை. சிவப்புக் கதவு, பதினைந்து படி, நிலவறை. மேக்ஸ் கார்டன் 1935-இல் தொடங்கியது. 123 பேர் உட்காரலாம். அறை ஆப்பு வடிவம், குறுகலான முனையில் மேடை. சமையல் நடக்காத பழைய சமையலறைதான் கலைஞர்களின் ஓய்வறை.

டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்யலாம், ஆனால் இருக்கை எண் கிடையாது. வரிசையில் முந்தியவருக்கு முதல் இடம். பொதுவாக 8 மணிக்கு ஒரு செட், 10 மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம் போகும். ஒரு டிக்கெட் ஒரு செட்டுக்கு மட்டும். உள்ளே ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். மது வேண்டாம் என்றால் ஜிஞ்சர் ஏல் கேளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பில்லில் 8.875 விழுக்காடு வரி, அதற்கு மேல் டிப்ஸ். வரித்தொகையை இரட்டிப்பாக்கி வைத்தால் ஏறக்குறைய 18 விழுக்காடு, கணக்குப் போட எளிது. எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு 60 டாலர் ஒதுக்கிவிட்டால் கையைக் கடிக்காது.

திங்கட்கிழமை வாசிப்பது 16 பேர் கொண்ட வான்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா. ட்ரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரி 7 அன்று ஆரம்பித்த திங்கள் இரவு இது. தாட் ஜோன்ஸ் 70-களின் கடைசியில் டென்மார்க் போய்விட்டார். மெல் லூயிஸ் 1990-இல் இறந்தார். திங்கள் மட்டும் நிற்கவில்லை. ஐந்து சாக்ஸபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, பாஸ் (கீழ் ஸ்தாயிக்கான ஆளுயரத் தந்தி வாத்தியம்), டிரம்ஸ்: இத்தனையும் ஒரு கல்யாண வீட்டுத் திண்ணை அளவு மேடையில்.

இங்கேதான் முதல் தவறு நடக்கும். சீக்கிரம் வந்தோமே என்று முதல் வரிசையில் போய் உட்காருவது. பெரிய குழுவுக்கு முதல் வரிசை மோசமான இடம். சாக்ஸபோன் வரிசை மூக்குக்கு முன்னால் இருக்கும். பின்னால் உள்ள ட்ரம்பெட்டின் ஒலி தலைக்கு மேலே பறந்து பின்சுவரில் போய் விழும். ஒரே ஒரு டெனர் சாக்ஸபோனும் அதன் பின்னால் ஏதோ இரைச்சலும்தான் காதில் நிற்கும். பின்பாதியில், பார் பக்கமாக உட்கார்ந்தால் 13 ஊதுகருவியும் ஒன்றாகக் கலந்து வரும். நான்கைந்து பேர் குழு என்றால் இது அப்படியே தலைகீழ். அதை நாளைக்குப் பார்ப்போம்.

நாள் 2, செவ்வாய்

வான்கார்டில் ஒரு குழு செவ்வாயில் தொடங்கி ஞாயிறுவரை ஆறு இரவு வாசிக்கும். இந்த வாரத் திட்டமே அதன்மேல் கட்டியதுதான்: இன்று முதல் செட், ஞாயிறு கடைசி செட், இரண்டுக்கும் ஒரே குழு. பணம் தட்டுப்பாடு என்றால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த இரண்டுக்கு மட்டும் போகலாம்.

செவ்வாய் முதல் செட்டில் நோட்டுத் தாள் மேடையில் கிடக்கும். முடிவுகளில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிலசமயம் கடைசி ஸ்வரம் இரண்டு தடவை விழும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தையல் தெரிந்தால்தான் நல்லது.

பார்வையாளருக்கு இடப்பக்கம் பியானோ, வலப்பக்கம் டிரம்ஸ். பியானோ கலைஞரின் கையைப் பார்க்க இடம், சிம்பலுக்குப் பக்கத்தில் இருக்க வலம். சுவரோரப் பெஞ்சில் டிரம்ஸ் பக்கம் உட்கார்ந்தால் பிரஷ் தோலில் உரசுவதுகூடக் கேட்கும். ஆனால் பியானோ மங்கிவிடும். முதல் தடவை வருகிறவருக்கு நடுவில் இரண்டாவது, மூன்றாவது மேசை போதும்.

இனி கேட்கும் முறை. கச்சேரிக்குப் போய்ப் பழகியவருக்குக் கை தானாகத் தாளம் போடும். ஜாஸில் அந்தப் பழக்கம் பாதி உதவும், பாதி காலை வாரும். எண்ணிக்கை நான்கு. ஆனால் அழுத்தம் 1, 3-இல் இல்லை, 2, 4-இல். அதைப் பிடிக்க டிரம்மரின் இடது காலைக் கவனியுங்கள். ஹைஹாட் என்ற ஜோடி சிம்பலை அந்தக் கால் மூடும்போதெல்லாம் "சிக்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது 2, அடுத்தது 4. அதை வைத்துக்கொண்டு பாஸைக் கேளுங்கள். நடை போடும் பாஸ் ஒரு ஆவர்த்தத்துக்கு, அதாவது பார் என்கிறார்களே அதற்கு, நான்கு ஸ்வரம் போடும்.

அடுத்தது வடிவம். பன்னிரண்டு பார் புளூஸ் என்றால் 48 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 160 என்ற வேகத்தில் ஒரு சுற்று 18 விநாடி. இந்தச் சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர், பல்லவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முப்பத்திரண்டு பார் பாட்டு நான்கு எட்டாகப் பிரியும். முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு. மூன்றாவது மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டு வரும், அதுதான் பிரிட்ஜ். அதே 160-இல் இந்தச் சுற்று 48 விநாடி. முதலில் மெட்டை அப்படியே வாசிப்பார்கள், அது ஹெட். பிறகு தனித்தனியாக மனோதர்மம், கடைசியில் மறுபடி ஹெட். மனோதர்மத்தின்போது மெட்டு மறைந்துவிடும். சுற்று மட்டும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். 17-ஆம் பாரில் பிரிட்ஜ் திரும்புவதை ஒரு தடவை பிடித்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு தொலைந்தாலும் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

எங்கே தொலைவார்கள்? மந்தமான பாட்டில். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கும் மேல். அவ்வளவு நீளம் நினைவில் நிற்காது. வாசிப்பவர்களும் பெரும்பாலும் பாதிச் சுற்றோடு நிறுத்தி, பிரிட்ஜிலேயே ஹெட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். எண்ணிக்கொண்டிருப்பவர் திகைத்துப்போவார். இன்னொன்று, எல்வின் ஜோன்ஸ் வழியில் வந்த டிரம்மர்கள். அவர்கள் இடது காலை நம்ப முடியாது. அப்போது பாஸ் ஒன்றுதான் பிடி.

ஹெட்டுக்குத் திரும்பும் முன்பு நான்கு பார் ஒருவர், நான்கு பார் டிரம்ஸ் என்று மாறி மாறி வாசிப்பார்கள். முப்பத்திரண்டு பாருக்குள் இந்த மாற்று நான்கு தடவை நடக்கும். மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வது மாதிரிதான், ஆனால் குறைப்பு கிடையாது. நான்கு கடைசிவரை நான்குதான், எப்போதாவது இரண்டாகும். இந்த ஒப்பீடு ஒன்றும் புதிதில்லை. 1958-இல் அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு மதராஸ் வந்தபோது டிரம்மர் ஜோ மொரெல்லோ பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

முதல் செட் முடிந்து வெளியே வந்தால் மணி 9.20. மேற்கு 10-ஆம் தெரு 183-இல் ஸ்மால்ஸ், அதுவும் நிலவறை, 1994-இல் தொடங்கியது. அதே தெருவில் 163-இல் மெஸ்ரோ, பியானோவுக்கென்றே 2014-இல் வந்த சின்ன அறை. பியானோவும் பாஸும் மட்டும் கேட்க மெஸ்ரோ. நள்ளிரவுக்குமேல் ஜாம், அதாவது வந்தவர்கள் ஒத்திகை இல்லாமல் கூடி வாசிப்பது, கேட்க ஸ்மால்ஸ். ஜாமில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடை ஏறலாம், அதனாலேயே அது எப்படிக் கெடும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து சாக்ஸபோன் ஏறி, ஆளுக்கு ஐந்து கோரஸ் வாசித்தால், 48 விநாடி வீதம் மனோதர்மம் மட்டும் 20 நிமிடம். மூன்றாவது ஆளிலேயே அறை செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடும். பார்க்க வேண்டியது அந்த ஐந்து பேரை இல்லை, ஐந்து பேருக்கும் அலுக்காமல் பின்னால் வாசிக்கும் பாஸ்காரரை.

நாள் 3, புதன்

பகலில் ஹார்லெம். மேற்கு 118-ஆம் தெரு 210, செசில் ஹோட்டல் கட்டடம். ஹென்றி மின்டன் 1938-இல் இங்கே தொடங்கிய மின்டன்ஸ் பிளேஹவுஸில்தான் தெலோனியஸ் மங்க் பியானோவிலும் கென்னி கிளார்க் டிரம்ஸிலும் நிலைய வித்வான்கள். திங்கட்கிழமை மற்ற இடங்களில் விடுமுறை என்பதால் ஊர் கலைஞர்கள் அத்தனை பேரும் இங்கே கூடுவார்கள். கற்றுக்குட்டிகள் மேடையில் நிற்க முடியாதபடி வேகத்தைக் கூட்டினார்கள், கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றினார்கள். பிபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி பிறந்ததில் அந்தக் குறும்புக்கும் பங்கு உண்டு. 1941-இல் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தட்டில் பதிவுசெய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்ததால் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன் இங்கே வாசித்தது நமக்குக் கிடைத்தது. வெளிச்சுவரைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அங்கிருந்து கிழக்கு 126-ஆம் தெரு 17-ஆம் எண்ணுக்கு நடக்கலாம். 1958 ஆகஸ்டில் ஒரு காலை 10 மணிக்கு புகைப்படக்காரர் ஆர்ட் கேன் 57 ஜாஸ் கலைஞர்களை இந்த வீட்டுப் படியில் நிறுத்திப் படம் எடுத்தார். கால் வலித்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்ட பியானோ கலைஞர் கவுண்ட் பேசிக்குப் பக்கத்தில் தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் தெரு. எதிர்ப்பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு காலத்தில் ஜாஸ் கிளப்புகள் வரிசையாக இருந்த 52-ஆம் தெரு என்று சிலர் பட்டியலில் எழுதி வைத்திருப்பார்கள். அடித்துவிடலாம். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவில் பெயர்ப்பலகை தவிர ஒன்றும் இல்லை. கூப்பர் சதுக்கத்தில் 1957-இல் மங்க்கும் சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனும் மாதக்கணக்கில் சேர்ந்து வாசித்த ஃபைவ் ஸ்பாட் கிளப்பும் அப்படித்தான், கட்டடமே இடிந்துபோயிற்று.

நாள் 4, வியாழன்

குயின்ஸ். 7-ஆம் எண் ரயில், 103-ஆம் தெரு கொரோனா பிளாசா. இறங்கிச் சில நிமிட நடையில் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு: 107-ஆம் தெரு, 34-56. அவர் பயணத்தில் இருந்தபோது மனைவி லூசில் 1943-இல் வாங்கிய வீடு. 1971 ஜூலை 6-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். உலகப் புகழுக்கு ஏற்ற மாளிகை இல்லை, பக்கத்து வீடுகளைப் போல ஒன்று. டர்க்காய்ஸ் நிறச் சமையலறை, தங்க முலாம் பூசிய குளியலறைக் குழாய்கள், ரீல் டேப் கருவிகள் வைத்த மாடி அறை. அறைகள் சின்னவை என்பதால் சிறு சிறு குழுவாக, குறித்த நேர டிக்கெட்டில்தான் உள்ளே விடுவார்கள். வாரத்தில் சில நாள்தான் திறப்பு. நாளையும் நேரத்தையும் பார்க்காமல் வந்து பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. வழிகாட்டி ஓடவிடும் ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டு டேப்பை அந்த அறையிலேயே நின்று கேட்பதுதான் முக்கியம். எதிர்ப்பக்கம் 2023-இல் திறந்த ஆம்ஸ்ட்ராங் மையத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள்.

மறுபடி அதே 7-ஆம் எண் ரயிலில் கடைசி நிலையம் ஃப்ளஷிங். அங்கிருந்து சுமார் 20 நிமிட நடை, போன் தெருவில் 1977-இல் கும்பாபிஷேகம் ஆன பிள்ளையார் கோயில். கீழ்த்தளக் கேண்டீனில் தோசை. நான்கு நாள் பீட்சா தின்ற வயிற்றுக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. இங்கே வரச் சொல்வது தோசைக்காக மட்டுமில்லை. இன்னொரு 20 நிமிட நடையில் 46-ஆம் அவென்யூ ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டம். ஆம்ஸ்ட்ராங் அங்கேதான் இருக்கிறார், கல்லின்மேல் வெள்ளை ட்ரம்பெட். இன்னொரு ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லஸ்பியும் அதே தோட்டத்தில்தான், ஆனால் அவருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை, தேடி அலைய வேண்டாம். கல்லறைத் தோட்டம் மாலை சீக்கிரம் மூடிவிடும், அதனால் தோசையை மதியச் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 5, வெள்ளி

வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு டிலான்சி தெருவில் ஏறலாம், நடைபாதை உண்டு. சன்னி ரோலின்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோது 1959 கோடையில் மேடையை விட்டு ஒதுங்கி, 1961 வரை இந்தப் பாலத்தின்மேல் நின்று சாதகம் பண்ணினார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தார், சாக்ஸபோன் தொந்தரவாக இருக்கும் என்பது காரணம். ஏன் இந்தப் பாலம் என்று கேட்டால், ஏறிப் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். நடுவில் ரயில் தடதடவென்று போகும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. டெனர் சாக்ஸபோனை முழு மூச்சோடு ஊதினாலும் புகார் சொல்ல ஆள் இல்லை. அந்த இரைச்சலைத் தாண்டி ஊதிப் பழகியவரின் ஒலி எப்படி இருக்கும் என்றும் புரியும். காற்று பலமாக அடிக்கும், தொப்பி வேண்டாம்.

வெள்ளி இரவு பெரிய கிளப்புகளில் கூட்டம் அலைமோதும். மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறும் இடங்களில் ஒரு எச்சரிக்கை: நீள மேசைகள் மேடைக்குச் செங்குத்தாக இருந்தால் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே மேசையா பாரா என்று பாருங்கள். பாரில் நின்றால் விலை குறைவு, மேடையும் நேராகத் தெரியும். சாப்பாட்டை வெளியே முடித்துவிட்டுப் போவது உத்தமம். பாஸ் தனியாக வாசிக்கும் நேரம் பார்த்துத்தான் கத்தியும் முள்ளும் தட்டில் இடிபடும்.

நாள் 6, சனி

4-ஆம் எண் ரயிலின் வடகோடி, பிராங்ஸில் உட்லான் கல்லறைத் தோட்டம். 400 ஏக்கர். வாசலில் வரைபடம் வாங்காமல் உள்ளே போனால் வெளியே வர மாட்டீர்கள். டியூக் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ், கோல்மன் ஹாக்கின்ஸ், மேக்ஸ் ரோச், லயனல் ஹாம்ப்டன் என்ற ஜாஸ் மேதைகள் எல்லாரும் இங்கே. மைல்ஸின் கறுப்புக் கல்லில் ட்ரம்பெட்டும் "சர்" பட்டமும் பொறித்திருக்கும், வாழ்ந்தபோது இருந்த மிடுக்கு குறையவில்லை. எலிங்டன் 1963-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணத்தில் தன் குழுவோடு மதராஸுக்கும் கொழும்புக்கும் வந்தவர். பூ வாங்கிக்கொண்டு போக நமக்கு அந்த ஒரு காரணம் போதும்.

வாரக்கடைசியில் பராமரிப்பு என்று ரயில்களின் பாதை மாறும், சில நிலையங்களில் நிற்காமலே போகும். இரண்டு நாளும் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். இன்று ராத்திரி ஓய்வு.

நாள் 7, ஞாயிறு

வான்கார்ட், 10 மணி செட்.

1961 ஜூன் 25-ஆம் தேதியும் ஒரு ஞாயிறுதான். பியானோவில் பில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன் மூவரும் இந்த மேடையில் தங்கள் வாசிப்பு வாரங்களின் கடைசி நாளை முடித்தார்கள். பிற்பகலில் இரண்டு செட், இரவில் மூன்று, ஐந்தையும் பதிவு செய்தார்கள். 11 நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். அந்தப் பதிவில் கண்ணாடி டம்ளர்கள் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் கேட்கும். இன்றைக்கு அதே அறையில் பேசினால் ஊழியர் வந்து வாயை மூடச் சொல்லுவார். போனையும் எடுக்கக் கூடாது. ஆனால் செவன்த் அவென்யூவுக்கு அடியில் ஓடும் ரயிலை யாராலும் நிறுத்த முடியாது. மெல்லிய பாட்டின் நடுவில் தரை லேசாக உறுமும். முதல் தடவை அதை டிரம்மரின் வேலை என்று நினைப்பது சகஜம்.

இந்த அறையில் நடந்த முதல் நேரடிப் பதிவு, சன்னி ரோலின்ஸ் 1957 நவம்பர் 3-இல் பியானோ இல்லாமல் வாசித்தது, அதுவும் ஞாயிறு. பிற்பகலுக்கு ஒரு பாஸும் டிரம்ஸும், இரவுக்கு வேறு ஜோடி. ஆறு நாள் ஊறிய பக்குவம் என்ற கணக்கு அங்கே செல்லாது. அது ரோலின்ஸ், அவருக்கு ஊற வேண்டிய அவசியம் இல்லை. அதே 1961 நவம்பரில் ஜான் கோல்ட்ரேன் இங்கே "இந்தியா" என்ற உருப்படியை வாசித்தபோது இரண்டு பாஸ்களை வைத்துக்கொண்டு தம்புராவின் சுருதி மாதிரி ஒன்றைப் பிடித்து நின்றார். எரிக் டால்ஃபி பாஸ் கிளாரினெட். கேட்டுவிட்டு வாருங்கள், மேடையின் அளவைப் பார்த்ததும் அத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்ற கேள்வி வரும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரும் இந்தப் பியானோ முன்னால் உட்கார்ந்தவர். அவர் வாரம் அமைந்தால் டிக்கெட்டை முந்திக்கொண்டு வாங்குங்கள்.

செவ்வாயன்று எங்கே உட்கார்ந்தீர்களோ அதே பக்கம் கேளுங்கள். மேடையில் நோட்டுத் தாள் பாதி குறைந்திருக்கும். செவ்வாயில் கண்ணால் பார்த்து முடித்த இடங்களை இன்று யாரும் பார்க்க மாட்டார்கள். பாஸ்காரர் பிரிட்ஜில் அடுத்த கார்டை ஒரு எண்ணிக்கை முன்னாலேயே தொட்டுவிடுவார், பியானோ அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இடையிடையே ஒருவர் சிரிப்பார், ஏன் என்று நமக்குத் தெரியாது. செவ்வாயில் வாசித்த ஏதாவது ஒரு பாட்டு திரும்ப வந்தால் வேகத்தை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் மாறியிருக்கும்.

கடைசிப் பாட்டு ஓடும்போதே பில் மேசைக்கு வந்துவிடும். கிரெடிட் கார்டைத் தேடிக்கொண்டு குனிந்தால் முடிவைத் தவறவிடுவீர்கள். பணத்தைச் சட்டைப்பையில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் படிக்கட்டில் முண்டியடிக்க வேண்டாம். கலைஞர்கள் சமையலறையிலிருந்து வெளியே வர பத்து நிமிடம் ஆகும், அறை காலியான பிறகு இரண்டு வார்த்தை பேச விடுவார்கள். அதற்குள் மேடையிலிருந்து மைக் ஸ்டாண்டுகள் போய்விடும். நாளைக்கு அங்கே 16 பேர் உட்கார வேண்டும்.